தூக்குப்போசி

பவானி,
பிப்ரவரி 11

அன்புள்ள மார்த்தாளுக்கு,

ஸ்தோத்திரம். முதலில் என்னை நன்றாகத் திட்டிவிடு, அப்புறம் படி. உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வந்த அன்றைக்கே இரண்டு தடவை படித்து பைபிளுக்குள் வைத்தேன். அப்புறம் பைபிளையே திறக்காத நாட்களும் வந்தன. அந்தக் கதையைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் ஓசூரில்தான் இருக்கிறான். சின்னவளுக்கு இரண்டாவதும் பெண். இவருக்குச் சர்க்கரை பழையபடி, நான் ஒளித்து வைத்த முறுக்கைக் கண்டுபிடிப்பதும் பழையபடி. நம் மொளகா டீச்சருக்கு 88 வயது முடிந்துவிட்டது. ஃபோன் செய்தால் இன்னும் "மெதுவாகப் பேசு, இது மீன் சந்தை இல்லை" என்கிறார். மெதுவாகப் பேசினால் அவருக்குக் காது கேட்பதில்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ஜெபம் பண்ண உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, படுத்தால் அதுவும் வருவதில்லை. இத்தனை வருஷம் எல்லாருக்கும் இறைத்துக் கொடுத்த கிணறு, வாளியை விட்டால் அடியில் இடிக்கிறது" என்று எழுதியிருந்தாய். கீழே நம் பூனையையும் வரைந்திருந்தாய். 40 வருஷத்துக்கு மேல் அந்தப் பூனையைப் பார்க்கிறேன், முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடனே பதில் எழுதினேன் அம்மிணி, பொய்யில்லை. கலாத்தியர் ஆறாம் அதிகாரம், ஒன்பதாம் வசனம். "நன்மைசெய்கிறதில் சோர்ந்துபோகாமல் இருப்போமாக." கரும்பலகைக் கையெழுத்தில் எழுதி, ஓரத்தில் ஒரு ரோஜாவும் வரைந்து, உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். தபால் பெட்டிக்குப் போகவில்லை. அது இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அந்த வாரம்தான் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை.

வழக்கம்போல் சமையல் என் பொறுப்பு. 40 கிலோ அரிசி, 15 கிலோ தக்காளி, கண்ணில் வெங்காயம். முன்னால் காணிக்கையாக வந்த பொருட்களின் ஏலம் நடக்கிறது, ஒரு பூசணிக்காய் 1,200 ரூபாய்க்குப் போகிறது, ஆளாளுக்குக் கைதட்டுகிறார்கள். நான் பின்னால் அண்டாப் பக்கம். கடைசியில் நன்றி சொன்னார்கள். பந்தல்காரருக்கு நன்றி, மைக் செட்காரருக்கு நன்றி, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்த குடும்பத்துக்குப் பேர் சொல்லி நன்றி, "மற்றும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும்" என்று முடித்தார்கள். 31 வருஷமாக நான் யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் "மற்றும்". உனக்கும் அதே பேர்தான் இருக்கும், விசாரித்துப் பார்.

சிரிக்காதே. மறுநாள் காலையில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வலி ஒன்றும் இல்லை. எழுந்திருக்க வேண்டும் என்று தலைக்குத் தெரிகிறது, அது காலுக்குப் போய்ச் சேரவில்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இவர் பயந்துபோய் அவரே காபி போட்டார், உப்பு போட்ட காபி. அடுத்த மூன்று ஞாயிறும் நான் சர்ச்சுக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் மூட்டு வலி என்றேன். ஓய்வுநாள் பள்ளியில் 31 வருஷம் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுத்தவள், பொய் சொல்லாதே என்கிற ஒன்பதாவதை மீறிக்கொண்டு படுத்திருந்தேன். ஆயர் ஃபோன் பண்ணி உருக்கமாக ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு, "அக்கா, பாத்திர ரூம் சாவி உங்களிடம்தானே இருக்கிறது?" என்றார். பாவம், நல்ல மனிதர், வயது போதாது.

அந்த முதல் வாரத்திலேயே, நாலாம் நாள், பக்கத்து வீட்டு ஆத்தா வந்தாள். உனக்குத் தெரியுமே, உன் குடையை எடுத்துக்கொண்டு இல்லை என்று சாதித்தவள். "ஏங்கண்ணு, நாலு நாளா வாசல் தொளிக்கலையே?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. திரும்பிப் போய்விட்டாள். போனவள் ஒரு தூக்குப்போசியோடு வந்தாள். பித்தளைப் போசி, ஈயம் பூசியது, மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். கழுத்தைச் சுற்றி அவள் புருஷன் பேர் புள்ளி புள்ளியாக அடித்திருக்கும், பாதி எழுத்து புளி போட்டுத் தேய்த்தே அழிந்துவிட்டது. உள்ளே அரிசிம்பருப்புச் சோறு, நடுவில் குழி செய்து நெய். "தின்னுபோட்டுப் படு. மத்ததெல்லாம் பொறவு பேசிக்கலாம்" என்றாள்.

தின்றேன். படுத்தேன். கண் விழித்தபோது மணி நாலு. ஆத்தா வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். கொடியில் காய்ந்த துணியெல்லாம் மடித்து வைத்திருந்தது. போசியில் மிச்சமிருந்ததைத் தட்டில் கொட்டி, "இதையும் தின்னு" என்றாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராத்திரிதான் எனக்குப் பொறி தட்டியது. எழுந்து விளக்கைப் போட்டு 1 இராஜாக்கள் 19 எடுத்தேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கி அத்தனை பெரிய வெற்றி முடிந்த கையோடு, எலியா தீர்க்கதரிசி யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறார். சாக வேண்டும் என்கிறார், தூங்கிவிடுகிறார். தூதன் வந்து என்ன சொன்னான்? "எழுந்திருந்து போஜனம்பண்ணு." அவ்வளவுதான். விசுவாசம் எங்கே போயிற்று, நேற்றுத்தானே அக்கினி இறங்கியது என்று ஒரு கேள்வி கிடையாது. தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, பாத்திரத்தில் தண்ணீர். அவர் தின்று, குடித்து, மறுபடியும் படுத்துக்கொண்டார்! அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் தரமும் தட்டி எழுப்பி மறுபடியும் சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பது அப்புறம்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று ஆண்டவர் கேட்பது, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

காகிதப் படங்களை ஒட்டிக் கதை சொல்கிற ஃபிளானல் துணிப் பலகையில் இதை எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்திருப்பேன்! காகம் வரும், கர்மேல் வரும், ஆரஞ்சுக் காகிதத்தில் நெருப்பு வரும், நேராக ஓரேப்பில் ஆண்டவர் பேசிய மெல்லிய சத்தத்துக்குப் போய்விடுவேன். சூரைச்செடிக்கு ஒரு படம்கூட நான் வெட்டியதில்லை. தீர்க்கதரிசி படுத்துத் தூங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன் போலிருக்கிறது. (அந்த அடை எப்படிப்பட்ட அடை என்று ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வாண்டு கேட்டது. முருங்கைக்கீரை போட்டதா டீச்சர் என்று. அன்றைக்கு அதட்டி உட்கார வைத்தேன். அந்த வகுப்பிலேயே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.)

இவர் விடாமல் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8. நமக்கெல்லாம் 12 இருக்க வேண்டுமாம். ஆக, ஆவிக்குரிய வறட்சி என்று நான் அழுததில் பாதி இரும்புச்சத்துக் குறைவு! மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், எலுமிச்சைத் தண்ணீரோடு போடுகிறேன், டீயோடு போடக்கூடாதாம். மீதிப் பாதிக்கு மாத்திரை இல்லை, அதற்குத்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன்னை மார்த்தாள் என்று கூப்பிட்டு வைத்தது வார்டனம்மா. ஹாஸ்டலே சிரித்தது, நானும் சிரித்தேன், நீ மட்டும் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தாய். அந்தப் பேர் உன் மேல் ஒட்டிக்கொண்டது, கூடவே ஒரு குற்ற உணர்ச்சியும் ஒட்டிக்கொண்டது என்று இப்போது தோன்றுகிறது. லூக்கா பத்தில் தங்கை மரியாள் ஆண்டவர் காலடியில் உட்கார்ந்து கேட்க, வேலை வேலை என்று அலைந்த மார்த்தாளை அவர் கண்டிக்கிறார், அதோடு அவளை நாம் விட்டுவிடுகிறோம். யோவான் 11:5 எடுத்துப் பார். இயேசு அன்பாயிருந்தவர்களின் பேர் வரிசையில் முதல் பேர் மார்த்தாள். மரியாள் அங்கே "அவளுடைய சகோதரி" மட்டும்தான், பேர்கூட இல்லை. பன்னிரண்டாம் அதிகாரத்தில் பெத்தானியாவில் மறுபடியும் விருந்து, மறுபடியும் மார்த்தாள்தான் பரிமாறுகிறாள். இந்தத் தடவை யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. வேலை அதே வேலைதான். இடையில் அவள் சகோதரன் லாசரு செத்துப் பிழைத்திருக்கிறான், அவள் ஊருக்கு வெளியே போய் ஆண்டவரிடமே "நீர் இங்கே இருந்திருந்தால்" என்று நேருக்கு நேர் குறை சொல்லியிருக்கிறாள். நீயும் சொல், அம்மிணி. உன் வீட்டு அண்ணன் படுக்கையில் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது, ஒரு வார்த்தை குறை சொல்லி உன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அது எனக்குப் பயமாக இருக்கிறது.

1982-இல் டோனாவூர் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ வேப்ப மரத்தடியில் செருப்பைத் தொலைத்தாய். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார், 1951-இல் கண்மூடும்வரை பெரும்பாலும் அறையிலும் கட்டிலிலும்தான் இருந்தார், அங்கிருந்தே எழுதிக் குவித்தார் என்று மொளகா டீச்சர் சொன்னார். படுக்கையிலும் ஓயவில்லை பாருங்கள், நீங்களும் இருக்கிறீர்களே, என்று அதையே பிரம்பாக்கி நம் முதுகில் வைத்தார். எனக்கு இப்போது வேறு ஒன்று தோன்றுகிறது. அந்த இருபது வருஷமும் அந்த அம்மாவைக் குளிப்பாட்டியது யார், ஊட்டியது யார், படுக்கை விரிப்பு மாற்றியது யார்? அவர் தூக்கி வளர்த்த பிள்ளைகளும் கூட இருந்தவர்களும்தானே. அத்தனை பேரைத் தூக்கிய கை, தன்னை இன்னொருவர் தூக்க விட்டுக் கிடந்திருக்கிறது. எழுதுவதைவிட அது கஷ்டமாக இருந்திருக்கும். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் குருவிகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்திருக்கிறார்களே, நாம் அதன் பக்கத்தில் நின்று முறுக்குத் தின்றோம்.

இனி எழுதப்போவது இவருக்கும் தெரியாது. எங்கள் சபையில் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், பனியன் கம்பெனிக்குப் போய்விட்டு வருவாள், வீட்டில் புத்தி வளராத ஒரு பிள்ளை. இரண்டு வருஷம் முன்னால் என்னிடம் வந்து, "அக்கா, இந்த வருஷம் மட்டும் ஓய்வுநாள் பள்ளியிலிருந்து என்னை விட்டுவிடுங்கள்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அதே கலாத்தியர் ஆறு ஒன்பது. புன்னகையோடு, தோளில் கை வைத்து. அவள் சரிங்க அக்கா என்று போனாள், ஆறு மாதம் வந்தாள், அப்புறம் சர்ச்சுக்கே வருவதை நிறுத்திவிட்டாள். உனக்கு எழுதிய உறையை ஒட்டும்போது அந்த முகம்தான் வந்து நின்றது. பவுல் அதை "இருப்போமாக" என்று தன்னையும் சேர்த்துத்தான் எழுதினார். நான் "இரு" என்று அவளுக்கு மட்டும் சொன்னேன்.

தை மாதம் ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று எல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு போனேன், வாய் வரவில்லை. அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், ஒரு வாய்க்குப் பத்து நிமிஷம். நான் தட்டை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படு" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அப்புறம் போய்ப் படுத்தாள். ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். நான் வசனம் ஒன்றும் சொல்லவில்லை, பாட்டு மட்டும் பாடினேன், அதுவும் பிள்ளைக்கு. இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் போகிறேன். சர்ச்சுக்கு வா என்று இதுவரை கேட்கவில்லை.

ஆத்தாவிடம் இதைச் சொன்னேன். "மஞ்சப் போட்ட காட்டுல மறுக்கா மஞ்சளே போட்டாக் கெழங்கு அழுகிப்போகும், இது தெரியாதாக்கும் உங்க ஆளுகளுக்கு?" என்றாள். இங்கே மஞ்சள் வெட்டி வேக வைக்கிற சமயம், ஊரே மணக்கிறது, அவள் பேச்சும் அந்த வாசத்தோடுதான் வருகிறது.

ஆகவே கட்டளைகள். ஒன்று, நாளைக்கே ரத்தம் கொடுத்துப் பார், எண்ணை எனக்கு எழுது. இரண்டு, மார்ச்சில் நாலு நாள் இங்கே வருகிறாய். உன் நாத்தனாரிடம் நானே பேசிவிட்டேன், அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள், கொஞ்சம் முணுமுணுத்தாள், பரவாயில்லை, முணுமுணுக்கட்டும். தாராபுரத்தில் ஏறினால் காங்கேயம் வழியாக ஈரோடு, அங்கே இவர் வந்து நிற்பார். வந்து நீ ஒன்றும் செய்யக்கூடாது. ரசம்கூட வைக்கக்கூடாது. நீ ஜெபம் பண்ண வேண்டாம், உனக்காக நான் பண்ணுகிறேன், நீ தூங்கு.

ஒரு யோசனை மட்டும் சொல். ஆத்தாவின் போசி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கிட்டத்தட்ட நாலு மாதமாக அவள் கேட்கவில்லை, நானும் தரவில்லை. வெறும் போசியாகத் தர முடியாது. நான் வைக்கிற குழம்பை அவள் நாய்க்குத்தான் ஊற்றுவாள், அது எனக்கே தெரியும். உன் கைப் பருப்பு அடையென்றால் தின்பாள். அரிசிக்குப் பருப்பு எவ்வளவு, எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று எழுது. அந்தக் குடையைப் பற்றி அவளிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் பத்தாம் நம்பர் கட்டில்