ஆய்வேட்டில் இடம் கிடைக்காத நன்றிகள்

அனைவருக்கும் வணக்கம்.

முனைவர் பட்டத்துக்கான வைவா என்ற வாய்மொழித் தேர்வு போன வாரம் நல்லபடியாக முடிந்தது. ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரே ஒரு பக்கம்தான், அதுவும் ஆங்கிலத்தில். கைடு, துறைத் தலைவர், உதவித்தொகை கொடுத்தவர்கள் என்று முறைப்படி எழுதியதிலேயே பக்கம் நிரம்பிவிட்டது. விட்டுப்போனவர்களுக்காக இந்த மடல்.

முதலில், தங்கள் நிணநீர்க் கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதித்த நோயாளிகளுக்கு. அவர்களில் பெரும்பாலானோரின் பெயர் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. டப்பாவின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். ஒப்புதல் படிவத்தை நர்ஸ் படித்துக் காட்டியபோது ஒரு பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதுக்குத் தனியா காசு கட்டணுமாம்மா?" இல்லை என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தத் துண்டுகளை வைத்து என்ன பார்த்தேன் என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் மரியாதை.

நம் உடம்பின் செல்களில் இருப்பது கிட்டத்தட்ட ஒரே டி.என்.ஏ.தான். தோல் செல் தோலாகவே இருப்பதற்குக் காரணம், அதற்கு வேண்டாத மரபணுக்கள் பேசவிடாமல் அடக்கி வைக்கப்பட்டிருப்பது. அடக்கி வைப்பவற்றில் முக்கியமானவை பாலிகோம்ப் புரதங்கள். டி.என்.ஏ. நூல்போலச் சுற்றிக்கொண்டிருக்கும் புரதங்களுக்கு ஹிஸ்டோன் என்று பெயர். அவற்றில் எச்3 என்பதன் வால் பகுதியில், 27ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதன் மேல் ஈ.இசட்.எச்.2 என்ற பாலிகோம்ப் புரதம், மெத்தில் குழு என்ற சிறு வேதிக் குறிகளை மூன்று வரை ஒட்டும். மூன்றும் ஒட்டிய இடத்தில் மரபணு வாய் திறப்பது கடினம். தனியாக அதற்கு இந்த வேலை வராது, ஈ.ஈ.டி., சூஸ்12 என்ற இரண்டும் கூட நிற்க வேண்டும். எந்த வகை செல்லாகவும் மாறக்கூடிய கரு ஸ்டெம் செல்களில் இன்னும் வேடிக்கை. பிற்பாடு நரம்பாகவோ தசையாகவோ மாறத் தேவைப்படும் பல மரபணுக்களில் 'பேசு', 'பேசாதே' என்ற இரண்டு குறிகளும் சேர்ந்தே இருப்பதை 2006இல் கண்டார்கள். வேளை வந்ததும் ஏதாவது ஒன்று விலகிக்கொள்ளும்.

புற்றுநோயில் இந்த ஒழுங்கு குலைகிறது. பரவிய புராஸ்டேட் புற்றுநோயில் ஈ.இசட்.எச்.2 மிகுந்திருப்பதை 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு காட்டியது. நான் பார்த்த ஃபாலிகுலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் கதை வேறு. அங்கே சிலருக்கு இந்தப் புரதத்தின் 641ஆம் இடத்து அமினோ அமிலம் மாறிப்போயிருப்பது 2010இல் தெரியவந்தது. மாறிய புரதம் மூன்றாவது மெத்திலை ஒட்டுவதில் கெட்டி. அதே செல்லில் இருக்கும் மாறாத புரதம் முதல் வேலையை முடித்துக் கொடுக்கிறது. இரண்டும் கூட்டுச் சேர்ந்ததும், பி செல் என்ற வெள்ளணு முதிரத் தேவையான மரபணுக்கள் அடைபட்டுக் கிடக்க, செல் பிரிந்துகொண்டே போகிறது. இதைத் தடுக்கும் டாசிமெட்டோஸ்டாட் மாத்திரைக்கு 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

"அப்போ அது கெட்ட புரதமா?" என்று அம்மா கேட்டார். இல்லை அம்மா, குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் வரும் ஒரு கொடிய கட்டியில் அந்த 27ஆம் இடத்து லைசினே மாறிப்போய், அடக்குகிற வேலை குறைந்துவிடுகிறது, அதுவும் ஆபத்துதான் என்றேன். "உப்பு மாதிரின்னு சொல்லு" என்றார். வைவாவில் அரை மணி நேரம் பேசியும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. நன்றி, அம்மா. ஒரே புரதத்தை வில்லனாக்கும் செய்திகளைப் பார்த்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அப்புறம், நோய்க்குறியியல் பிரிவின் டெக்னீஷியன் அக்கா. திசுவைப் பொதிந்து வைத்த பாராஃபின் மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவுவார். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பன் போல வரும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிகிற அந்த நொடியில் கண்ணாடி ஸ்லைடைச் சாய்த்து அடியிலிருந்து எடுப்பார். மூச்சு பட்டாலே கிழிந்துவிடும். ஆய்வேட்டிலுள்ள படங்களை எல்லோரும் அழகு என்கிறார்கள். பாதிக்கு மேல் அவர் கைவேலை.

பக்கத்து லேபில் பழ ஈக்களை ஆராயும் சீனியருக்கும் கடன்பட்டிருக்கிறேன். சாதாரண ஆண் ஈயின் முன்னங்கால்களில் மட்டும் சீப்பின் பற்களாகக் கறுத்த மயிர் வரிசை இருக்கும். பாலிகோம்ப் மரபணு கெட்டுப்போன ஈயில் அது பின்னாலுள்ள கால்களிலும் முளைக்கும். 1947இல் பமேலா லூயிஸ் பதிவு செய்த அந்தச் சீப்பைத்தான் சீனியர் மைக்ராஸ்கோப்பில் எனக்குக் காட்டினார். அடக்கி வைப்பது என்றால் என்னவென்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்தபோது எங்கள் கட்டடத்திலும் மின்சாரம் போனது. நோயாளிகள் கொடுத்த திசுக்கள் மைனஸ் எண்பது ஃப்ரீசரில் இருந்தன. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துகொண்டிருந்தது. திரையில் எண் மைனஸ் எழுபது, அறுபத்தைந்து என்று ஏறுவதை வீட்டிலிருந்து நான் போனில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி ஐயாவும் எலக்ட்ரீஷியன் அண்ணனும் இடுப்பளவு தண்ணீரில் டீசல் கேன்களைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. "பாப்பாவோட சாம்பிள்" என்று மட்டும் தெரியும். அண்ணா, ஐயா, ஒரு டப்பாகூட உருகவில்லை.

தீபாவளியன்றும் பொங்கலன்றும் என் ஸ்டெம் செல்களுக்கு மீடியம் என்ற ஊட்டத் திரவத்தை மாற்றிய ஜூனியர்களுக்குத் தனி நன்றி. அவற்றுக்கு லீவு கிடையாது. உங்கள் முறை வரும்போது நான் வருகிறேன். எந்த ஊரிலிருந்தாலும் பஸ் ஏறிவிடுவேன்.

ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, புற்றுநோய் வெளிநோயாளர் பிரிவில் டோக்கன் கொடுக்கும் மேசை மேல் வைக்க டாக்டர் அனுமதித்திருக்கிறார். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். காசு கிடையாது.

அன்புடன்,
ஓர் ஆய்வு மாணவி