குளவிக் கூட்டில் கம்பை வைப்பதற்கு முன்னால்

வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கரையானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் எங்களைக் கூப்பிடுகிறவர்கள் நிதானமாகக் கூப்பிடுவார்கள். குளவிக்குக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மூச்சு வாங்கிக்கொண்டே பேசுகிறார்கள். ஒன்று, கூட்டை அப்போதுதான் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் வீட்டில் யாரோ ஒருவர் ஏற்கெனவே ஒட்டடைக் கம்பை எடுத்து ஒரு தட்டு தட்டியிருப்பார். புரட்டாசி பிறந்ததிலிருந்து இந்த போன்கள் கூடிவிட்டன. ஒவ்வொருவரிடமும் இதையே திரும்பத் திரும்பச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் எங்கள் பிழைப்புக்கே ஆகாத ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் சொல்லும் கூடுகளில் பாதிக்கு மேல் நாங்கள் வரவே தேவையில்லாதவை. அதனால்தான் எடுத்த எடுப்பில் போட்டோ கேட்கிறோம், சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்க அல்ல. அதற்காகக் கிட்டே போய்விடாதீர்கள், பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் போதும்.

போட்டோவில் அதிகம் வருவது மண்கூடு. ஜன்னல் மூலையில், சாமி படத்துக்குப் பின்னால், பல நாள் திறக்காத அலமாரியின் மடிப்பில், விரல் தடிமனில் வரிவரியாக மண் பூசியது போல இருக்கும். இதைக் கட்டுவது ஒரே ஒரு குளவி. ராணி கிடையாது, படை கிடையாது, கூட்டைக் காக்கச் சண்டைக்கும் வராது. கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய கொட்டுவது அபூர்வம். போன மாதம் ஒரு வீட்டில் அப்படி ஒரு கூட்டைப் பெயர்த்து, வீட்டுக்காரர்கள் பார்க்க உள்ளங்கையில் வைத்தே உடைத்தோம். ஒரு அறைக்குள் பத்துப் பன்னிரண்டு சின்னச் சிலந்திகள், செத்தவை இல்லை, கால் நுனி மட்டும் லேசாக ஆடுகிறது. அவற்றில் ஒன்றின் வயிற்றில் நொய்யரிசி மாதிரி ஒரு வெள்ளை முட்டை. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்கிறோமே, அது இப்படி வந்ததுதான்: சில வகைக் குளவிகள் சிலந்திக்குப் பதில் பச்சைப் புழுவைக் கொட்டி மயக்கி உள்ளே வைத்து மூடும், பிறகு பார்த்தால் குளவி வெளியே வரும், ஆக புழுதான் மாறிவிட்டது என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். பாவம், அந்தப் புழு குளவிக் குஞ்சுக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாடு.

மண்கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று சொல்வார்கள் இல்லையா, எடுக்கச் சொல்லி மருமகள் போன் செய்ய, எடுக்கக் கூடாது என்று மாமியார் வாசலை மறிக்க, நாங்கள் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடுவில் நின்ற கதையும் உண்டு. மாமியார் ஜெயித்தார், கூடும் பிழைத்தது. வேண்டாம் என்றால் நீங்களே ஒரு பழைய கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் ஓட்டைகளை மட்டும் கவனியுங்கள். ஏசித் தண்ணீர் இறங்கும் குழாய், பூட்டுத் துவாரம், பிளக் பாயிண்ட் என்று எங்கே ஓட்டை இருந்தாலும் மண்ணை வைத்து அடைத்துவிடும். பிளக் பாயிண்டை மெயினை அணைக்காமல் குத்திக் கிளறாதீர்கள். இந்தச் சின்ன மண் உருண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறோம்: 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசில் ஒரு விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகத்தைக் காட்டும் குழாய் ஒன்று அடைபட்டிருந்ததாக விசாரணை சொன்னது. அடைத்தது மண்குளவியாக இருக்கலாம் என்பதே வலுவான சந்தேகம்.

அடுத்தது சன்ஷேடுக்கு அடியிலும் மீட்டர் பெட்டிக்குள்ளும் கவிழ்ந்து தொங்கும் காகிதக் கூடு. மூடி இருக்காது, தாமரைக் காயைக் கவிழ்த்த மாதிரி அறை அறையாகக் கண்ணுக்குத் தெரியும். மேலே ஒல்லி இடுப்புக் குளவிகள் பத்து இருபது உட்கார்ந்திருக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் என்கிற விஞ்ஞானி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு வகையைப் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து கவனித்தவர். அதில் ராணிதான் இருப்பதிலேயே சாது என்று கண்டிருக்கிறார். (இதை எங்கள் கடையில் படித்துக் காட்டியபோது முதலாளியம்மா ஒன்றும் சொல்லவில்லை.) கொல்லைப்புறத்தில் ஆள் நடமாட்டமில்லாத இடமாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், செடியில் உள்ள புழுவையெல்லாம் தின்று தீர்க்கும். வாசல் நிலைக்கு மேலேயோ பிள்ளைகள் சைக்கிள் நிறுத்தும் இடத்திலேயோ இருந்தால் கூப்பிடுங்கள், அது சின்ன வேலை.

சரி, இப்போது கதண்டு. வேறு ஊர்களில் கடந்தை என்பார்கள். ஒரு அங்குல நீளத்துக்குக் கறுத்த உடம்பு, வயிற்றில் மஞ்சளோ ஆரஞ்சோ ஒரு பட்டை. கூடு பூசணிக்காய் மாதிரி உப்பி, மேலே சாம்பலும் பழுப்பும் அலையலையாக, கீழேயோ பக்கத்திலோ போக வர ஒரே வாசல். மரத்தை மென்று கூழாக்கிச் செய்த காகிதம் அது. சில சமயம் கூடே கண்ணுக்குத் தெரியாது, ஓட்டுக்கும் தட்டுப்பலகைக்கும் நடுவிலோ சுவர்ப் பொந்திலோ இருக்கும், ஒரு இடுக்கில் இரண்டிரண்டாகப் போய் வருவது மட்டும் தெரியும். இதில் மட்டும் கை வைக்காதீர்கள். தேனீ கொட்டினால் கொடுக்கு நம் தோலில் சிக்கிக்கொண்டு அதுவே செத்துப்போகும். கதண்டுக்கு அப்படி இல்லை, ஒன்றே நாலைந்து தடவை கொட்டும். ஒன்றை அடித்து நசுக்கினீர்கள் என்றால் அந்த வாசனை மற்றதையெல்லாம் கூப்பிட்டுவிடும்.

பெட்ரோல் பந்தம், டயர் புகை, தண்ணீர்ப் பைப் எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துவிட்டோம். பந்தம் பிடித்து ஓட்டுச் சட்டம் பற்றிக்கொண்ட வீடும் எங்களுக்குத் தெரியும். வீடியோவில் வெளிநாட்டுக்காரர் குளிர்காலம் வரை பொறுத்திருங்கள், தானாகச் செத்துவிடும் என்று சொல்வார், அங்கே உறைபனி விழும், கூட்டம் அழியும். நம் மார்கழிப் பனியை நம்பி அப்படி உட்கார முடியாது.

ஏன் பகலில் வர மாட்டேன் என்கிறீர்கள் என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கு எங்கள் தப்பு ஒன்றையே சொல்கிறோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஓட்டு வீட்டில், மறுநாள் விசேஷம் என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார் என்பதற்காகச் சாயங்காலம் ஐந்து மணிக்கே தூள் மருந்து அடித்து, அதே கையோடு இடுக்கையும் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டோம். பாதிக் கூட்டம் இன்னும் வெளியே மேய்ந்துகொண்டிருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட மிச்சம் வேறு வழி தேடி, சீலிங் ஃபேன் கொக்கி இறங்கும் ஓட்டை வழியாக ஒவ்வொன்றாகக் கூடத்துக்குள் இறங்கிவிட்டன. டியூப் லைட்டைச் சுற்றி அவை மோதும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குடும்பத்தோடு பக்கத்து வீட்டில் படுத்தார்கள், எங்கள் பையனுக்குக் கழுத்தில் மூன்று கொட்டு, ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காசு வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. அன்றிலிருந்து மூன்று விஷயத்தில் நாங்கள் யார் சொன்னாலும் கேட்பதில்லை. நன்றாக இருட்டி அரை மணி நேரம் ஆகாமல் ஏணி போட மாட்டோம், அப்போதுதான் எல்லாம் கூட்டுக்குத் திரும்பியிருக்கும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டாமல் அடிக்க மாட்டோம், சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. மருந்து அடித்த அன்றே ஓட்டையை மூட மாட்டோம், இரண்டு நாள் கழித்து வந்து, போக்குவரத்து நின்றுவிட்டதா என்று பார்த்து, கூட்டை எடுத்த பிறகுதான் பூச்சு.

நாங்கள் வரும் நாளில் உங்கள் பக்கம் கொஞ்சம் வேலை இருக்கிறது. அடிப்பது பைரெத்ராய்டு வகை மருந்து, மீனுக்கு ஆகவே ஆகாது, பூனைக்கும் சிலது ஆகாது. மீன் தொட்டி இருந்தால் காற்றுக் குழாயை நிறுத்தி ஈரத்துணியால் மூடிவையுங்கள், பூனையையும் நாயையும் வேறு வீட்டில் விடுங்கள். அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மொட்டை மாடியில் போன் பேசிக்கொண்டு நிற்பவர் முதுகில் போய் விடியக் கூடாது. மறுநாள் காலையில் கீழே விழுந்து கிடப்பதைக் கையால் பொறுக்காதீர்கள், செத்த பிறகும் சில மணி நேரம் கொடுக்கு வேலை செய்யும். துடைப்பமும் முறமும் போதும்.

நாங்கள் வருவதற்குள் கொட்டிவிட்டால், முதலில் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். சுண்ணாம்பு தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றல், இதில் எது வந்தாலும் ஒரே கொட்டாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். நிறையக் கொட்டு வாங்கியவர் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், விஷம் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூடச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் தாமதமே கூடாது.

பனை, தென்னை உச்சியிலோ கோயில் ஆலமரத்திலோ கட்டியிருந்தால் எங்கள் ஏணி எட்டாது, 101-க்கு அடித்துத் தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ, அது குளவியே இல்லை. அதற்கு நாங்கள் மருந்து அடிக்க மாட்டோம், தொந்தரவு செய்யாமல் விட்டால் பருவம் மாறும்போது தானாகக் கிளம்பிவிடும். அதுவரை முடியாது என்றால் தேன் எடுக்கிறவர்களின் நம்பர் தருகிறோம்.

போட்டோவை எங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்ல காசு இல்லை. கதண்டு என்றால் அன்று ராத்திரியே வரப் பார்ப்போம். ஏணி, உடுப்பு, டார்ச் எல்லாம் எங்களிடம் இருக்கிறது, நீங்கள் வாசல் விளக்கை மட்டும் அணைத்து வையுங்கள்.