பதினொரு பாக்கெட் புழுவும் ஒரு மீன்கூட மாட்டாத மூன்று வாரமும்

அன்புள்ள மாப்ளே,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாப்பாட்டு மேசை முழுக்க பிளாஸ்டிக் புழுக்கள். எண்ணினால் பதினொரு பாக்கெட். வால் சுருண்டது, வால் தட்டையானது, பல்லி மாதிரி ஒன்று, நண்டு மாதிரி ஒன்று, பஞ்சுமிட்டாய் நிறத்தில் என்னவென்றே தெரியாத ஒன்று. கீழே, "மாமா, மூணு வாரமா லேவன் ஏரிக்குப் போறேன், ஒரு பாஸ்கூட மாட்டல. அடுத்து எந்தக் கலர் வாங்கணும்?"

பாஸ் என்றால் இங்கே ஏரிகளில் எல்லாரும் தூண்டில் போட்டுத் தேடுகிற மீன், அந்தப் புழுக்கள் அதற்கான போலி இரை. இதற்கு வாட்ஸப்பில் பதில் சொல்லி முடியாது. டாலஸ் பக்கம் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். அக்கா படித்தால், "அமெரிக்கா போயும் ஏரிக்கரை புத்தி போகலை" என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கலரைக் கடைசியில் பார்க்கலாம். உன் புழு தண்ணீரில் எப்படி இறங்குகிறது என்று ஒரு தடவையாவது பார்த்தாயா? கரையோரத் தெளிந்த தண்ணீரில், காலடியிலேயே போட்டுப் பார். நான் இங்கே வந்த முதல் வருஷம் அதைப் பார்க்காமல்தான் உன்னைப் போலவே கடை கடையாக அலைந்தேன். பாஸ் பெரும்பாலும் புழுவை எடுப்பது நீ இழுக்கும்போது இல்லை, அது கீழே இறங்கும்போது. எந்தப் புழு, எடைக்கு எவ்வளவு ஈயம், எந்தத் தூண்டில் முள், எப்படிக் கோர்ப்பது என்கிற எல்லாமே அந்த இறக்கத்துக்காகத்தான்.

நம் ஊர் ஏரியில் விராலுக்குத் தூண்டில் போட்டது ஞாபகம் இருக்கிறதா? ஆகாயத்தாமரை ஓரத்தில் தவளைக் குஞ்சை மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்துப் போவோமே, அதே புத்திதான் பாஸுக்கும். துரத்தித் துரத்தித் தின்பதைவிட, மரத்தடியிலோ புல் ஓரத்திலோ ஒளிந்து நின்று, பக்கத்தில் வருவதை அமுக்குவது அதற்குப் பிடிக்கும். விரால் குஞ்சைக் காப்பது மாதிரி, பாஸில் ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கும். ஒரு வித்தியாசம் மட்டும் நினைவில் வை. பாஸ் கவ்விக் கொண்டு ஓடாது. வாயைச் சட்டென்று திறக்கும், தண்ணீரோடு சேர்ந்து இரை உள்ளே போய்விடும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். தக்கை முங்கும் என்று காத்திருந்து பழகிய நமக்கு இதுதான் கஷ்டம்.

இந்த பிளாஸ்டிக் புழுவுக்கும் நான் இருக்கிற டைலர் ஊருக்கும் ஒரு உறவு உண்டு. 1949-ல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரத்தில், அந்த டயர் கம்பெனி ஊரில், நிக் கிரீமும் அவர் மனைவி காஸ்மாவும் வீட்டிலேயே வினைல், எண்ணெய், சாயம் எல்லாம் கலந்து காய்ச்சி, மண்புழு வடிவ அச்சில் ஊற்றி எடுத்தார்கள். அதற்கு முன்னால் ரப்பர் புழு இருந்தது, ஆனால் விறைப்பாக இருக்கும். இது தண்ணீரில் உயிரோடு இருப்பது போல நெளிந்தது. அப்புறம் தொழில் டெக்ஸஸுக்கு, இதே டைலருக்கு வந்து சேர்ந்தது. இங்கே அணை கட்டித் தேக்கிய ஏரிகள், உள்ளே முழுக்க மூழ்கிய மரம். முள் வெளியே தெரிந்தால் ஒவ்வொரு வீச்சிலும் கிளையில் மாட்டும். அதனால் முள் முனையைப் புழுவுக்குள்ளேயே ஒளித்துக் கோர்க்கிற வழக்கம் வந்தது. அதுதான் டெக்ஸஸ் ரிக். நீ முதலில் படிக்க வேண்டியதும் அதுதான், மற்றதெல்லாம் பிறகு.

சரி, மேசையைக் காலி பண்ணு. ஐந்து அங்குலத்தில் வாலும் காலும் இல்லாமல் பேனா மாதிரி இருக்கிற புழு ஒரு பாக்கெட் உன் படத்தில் ஓரமாகக் கிடந்தது. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருப்பதால் நீ அதைப் பிரிக்கவே இல்லை. அதுதான் வேண்டும். கேரி யமமோட்டோ கம்பெனியின் சென்கோ என்கிற புழு வந்த பிறகு எல்லாக் கம்பெனிகளும் இந்த வடிவத்தைச் செய்கின்றன. பிளாஸ்டிக்கில் உப்பு நிறையச் சேர்த்திருப்பதால் ஈயமே இல்லாமல் தானாக இறங்கும், இறங்கும்போது இரண்டு பக்கமும் லேசாக நடுங்கும். அந்த உப்பினாலேயே சீக்கிரம் கிழிந்தும் போகும். இரண்டு மீனுக்கு ஒரு புழு என்று கணக்கு வைத்துக்கொள். கிழிந்ததைத் தண்ணீரில் வீசாதே, பையில் போட்டு எடுத்து வா.

முள், 3/0 அளவு. கடையில் இ.டபிள்யூ.ஜி. (எக்ஸ்ட்ரா வைட் கேப்) என்று கேள். வளைவு அகலமாக இருக்கும், கழுத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். ஏழு அங்குலப் புழு என்றால் 4/0. ஈயம் கூம்பு வடிவம், ஓட்டை வழியாக நரம்பில், அதாவது தூண்டில் கயிற்றில், முதலில் கோர், கூர்ப்பக்கம் ராடை, அதாவது தூண்டில் கோலை, பார்க்க வேண்டும். அப்புறம் முள்ளைக் கட்டு. நரம்பை இரண்டாக மடித்து முள்ளின் கண்ணில் விட்டு, தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, மிச்சமிருக்கும் வளையத்துக்குள் முள்ளை முழுசாக நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்கு. பாலோமர் முடிச்சு என்பார்கள். எச்சில் தொடாமல் இழுத்தால் உரசிச் சூடாகி நரம்பு அங்கேயே பலம் இழந்துவிடும்.

இப்போது புழு. தலையின் நட்ட நடுவில் முள்ளைக் குத்தி, கால் அங்குலம் உள்ளே போனதும் பக்கவாட்டில் வெளியே எடு. கழுத்து மடிப்பு புழுவின் தலைக்குள் போய் உட்காரும்வரை இழு. முள்ளைத் திருப்பு, முனை புழுவைப் பார்க்கட்டும். புழுவை நேராகத் தொங்கவிட்டு, முள்ளின் அடிவளைவு எங்கே படுகிறதோ அங்கே நகத்தால் ஒரு கீறல் போடு. அந்தக் கீறலில்தான் முனை நுழைய வேண்டும். வால் பக்கம் தள்ளிக் குத்தினால் புழுவுக்குக் கூன் விழும், தலைப் பக்கம் தள்ளிக் குத்தினால் இழுபட்டு விறைப்பாக நிற்கும். இரண்டுமே தண்ணீரில் விசிறி மாதிரிச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும். முனை மறுபக்கம் வந்ததும் மேல்தோலில் மயிரிழை அளவுக்குச் செருகிவிடு. இனி கிளையில் மாட்டாது, மீன் வாயில் மாட்டும். நீ அனுப்பிய படத்தில் ராடில் தொங்கியதைப் பார்த்தேன் மாப்ளே. வாழைக்காய் மாதிரி வளைந்திருந்தது. மூன்று வாரக் கதை அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் தெரிந்தது. அரை அவுன்ஸ் ஈயம் போட்டிருக்கிறாய். பதினான்கு கிராம்! இந்தப் பருவத்தில் பாஸ் முட்டையிடக் கரையோரம் வந்திருக்கும், நாலைந்து அடித் தண்ணீர்தான். அங்கே உன் புழு கல் மாதிரி விழுகிறது. முதலில் ஈயமே இல்லாமல் போடு. காற்று அடித்து நரம்பு தொய்ந்தால் எட்டில் ஒரு பங்கு அவுன்ஸ். புல்லைத் துளைத்து இறங்க வேண்டும், ஆழம் அதிகம் என்றால் மட்டும் கால் அவுன்ஸுக்குப் போ. புழு விழுந்ததும் நரம்பை இறுக்காதே. இறுக்கினால் ஊஞ்சல் மாதிரி உன் பக்கம் ஆடி வந்து, மீன் நிற்கிற மரத்தை விட்டு விலகிவிடும். நரம்பைத் தளர்த்தி விட்டால் மரத்தை ஒட்டியே நேராக இறங்கும்.

அப்புறம் கண்ணை ராடு முனையில் வைக்காதே, நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்தில் வை. மனசுக்குள் எண்ணு. முதல் வீச்சில் எட்டு எண்ணும்போது தரை தட்டியது என்று வைத்துக்கொள். அடுத்த வீச்சில் ஐந்திலேயே நின்றுவிட்டால் நடுவில் யாரோ வாங்கிவிட்டார் என்று அர்த்தம். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலும் அதே கதைதான். கையில் ஒன்றும் தெரியாது. எனக்கு ஃபோர்க் ஏரியில் முதல் பெரிய பாஸ் அப்படித்தான் வந்தது. பட்டமரத்தை ஒட்டிப் போட்டுவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தேன். நரம்பு சத்தமே இல்லாமல் இடது பக்கம் நடந்துகொண்டிருந்தது. தொய்வைச் சுருட்டி ஓங்கி ஒரு இழுப்பு. காபி படகில் கொட்டியது.

மரம் இல்லாத இடம், படகுத்துறை நிழல் மாதிரி என்றால் வாக்கி ரிக் போடு. அதே புழு, நடுவயிற்றில் ஒரு சின்ன முள், அவ்வளவுதான். இரண்டு முனையும் படபடத்துக்கொண்டே இறங்கும். வயிற்றில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி அதில் முள்ளைக் கோர்த்தால் புழு அவ்வளவு சீக்கிரம் கிழியாது. இதில் ஓங்கி இழுக்காதே, ரீலைச் சுற்றினாலே போதும்.

கலர்தானே கேட்டாய்? தெளிந்த தண்ணீருக்கு கிரீன் பம்ப்கின் என்கிற பச்சை, லேவன் மாதிரி கலங்கியதற்குக் கறுப்பும் நீலமும் கலந்தது. முடிந்தது. மற்ற கலரெல்லாம் மீனுக்கு வைத்ததில்லை, உனக்கும் எனக்கும் வைத்தது.

வாங்கியதை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதே. இழுத்தால் ரப்பர் பேண்ட் மாதிரி நீளுகிற, மிதக்கிற வகை ஒன்று இருக்கிறது. அதன் பொருளே வேறு, சாதாரணப் புழுவோடு ஒட்டிக் கிடந்தால் இரண்டும் உருகிவிடும். நான் ஒரு ஜூலை மாதம் கார் டிக்கியில் அப்படி வைத்துவிட்டு, திறந்தபோது ஏழெட்டுக் கலரில் ஒரே அல்வா. டப்பாவையும் சேர்த்துத் தூக்கிப் போட்டேன். வந்த பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

லைசென்ஸ் எடுத்துவிட்டாயா? டெக்ஸஸில் 17 வயது ஆனால் கட்டாயம். பொதுவாக 14 அங்குலத்துக்குக் குறைந்த பாஸைத் தண்ணீரில் விட வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஃபோர்க்கில் விதி வேறு, 16-லிருந்து 24 அங்குலம் வரை உள்ளதைத் திருப்பி விட்டே ஆக வேண்டும். 1992-ல் இந்த மாநிலத்திலேயே மிகப் பெரிய பாஸ், 18.18 பவுண்டு, அங்கேதான் மாட்டியது. அதுவும் கிராப்பி மீனுக்காக உயிர்மீனைக் கோர்த்துப் போட்டவருக்கு! இவ்வளவு நேரம் பிளாஸ்டிக் புழுவுக்கு வக்காலத்து வாங்கிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

வருகிற சனிக்கிழமை ஃபோர்க்குக்கு வா. உன் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், விடிவதற்குள் வந்து சேர். அந்தப் பிரிக்காத பாக்கெட்டும் ஐந்தாறு முள்ளும் போதும். வருகிற வழியில் கோர்க்காதே, படகில் என் கண் முன்னால் கோர். காபி நான் கொண்டு வருகிறேன், இந்தத் தடவை மூடி இறுக்கமான ஃபிளாஸ்க்.

அன்புடன்,
மாமா