மார்க்கெட் வண்டிகளுக்கு வீல் நட்டுச் சோதனை கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
பிக்கப் வண்டி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
உசிலம்பட்டி வட்டம்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
(மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர்)
மதுரை.

நகல்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.

பொருள்: ஓடும் வண்டியில் பின்சக்கரம் கழன்றது – மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வந்து போகும் சரக்கு வண்டிகளின் வீல் நட்டுகளைச் சோதிக்க ஏற்பாடு செய்யவும், பஞ்சர் கடைகளுக்கு ஒரு நடைமுறை வகுத்துத் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பதினாலு வருஷமாகப் பிக்கப் ஓட்டிப் பிழைக்கிறவன். உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பொழுது சாயும்போது தக்காளி, கத்தரி, முருங்கைக்காய் ஏற்றினால், விடியுமுன் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் இறக்க வேண்டும். முகூர்த்த மாதமென்றால் மேலே நாலு மல்லிகைப்பூ மூட்டையும் ஏறும். இந்த மனுவில் நான் நிவாரணமோ கடனோ கேட்கவில்லை. யார் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொல்லியும் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள், அதிகாலை மூன்றரை மணி இருக்கும். எண்பது பெட்டித் தக்காளி, பெட்டிக்குப் பதினைந்து கிலோ. வண்டி தாங்குகிற எடைக்குள்தான். கருமாத்தூரைத் தாண்டிச் செக்கானூரணியை நோக்கித் தேனி ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். கேபினில் என் பக்கத்தில் எங்கள் ஊர் அத்தை ஒருவர், தன் முருங்கைக்காய்க் கட்டுகளோடு மார்க்கெட்டுக்கு வருகிறவர். திடீரென்று வண்டியின் இடது பின்பக்கம் பள்ளத்தில் விழுந்தது போல இறங்கியது. இறங்கியது ஏறவில்லை. இரும்பு தாரில் தேய்கிற சத்தம் காதைப் பிளந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் தீப்பொறி. அப்போது அத்தை, "ஏய்யா, நம்மளத் தாண்டி என்னமோ உருண்டு ஓடுது பாருய்யா" என்றார். ஹெட்லைட் வெளிச்சத்தில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது என் வண்டியின் சக்கரம்.

நான் பிரேக்கை மிதிக்கவில்லை. இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை; வண்டி பழகிக் கொடுத்த என் மாமனார் சொன்னது கால் வரைக்கும் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். மூன்று சக்கரத்தில் நிற்கிற வண்டியில் பிரேக் அடித்தால் அது எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்ல முடியாது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே வேகம் குறைய விட்டேன். சக்கரம் மாட்டுகிற பிரேக் டிரம் ரோட்டில் தேய்ந்து, அதுவே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. அதன் போக்கில் கொஞ்சம் விட்டு இடது ஓரத்து மண்ணில் நிறுத்தினேன். வலது பக்கப் பெட்டிகள் கயிற்றில் நின்றன. இடது பக்கத்தில் ஏழெட்டுப் பெட்டி சரிந்து ரோடெல்லாம் தக்காளி. அத்தைக்கு முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றுமில்லை.

சக்கரம் ரோட்டைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் ஒரு பேருந்து நிறுத்தத்தின் சிமெண்ட் திண்ணையில் மோதிக் கிடந்தது. திண்ணையின் முனை பெயர்ந்திருந்தது. டயரும் டிஸ்க்குமாக (டயர் மாட்டுகிற இரும்பு வட்டைத்தான் டிஸ்க் என்போம்) அது இருபது கிலோவுக்குக் குறையாது. வண்டியின் வேகம் முழுவதையும் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. காலை ஏழரை மணிக்கு அந்தத் திண்ணையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். நான் தினமும் திரும்பி வருகிற நேரம் அது. அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் போவேன். அன்றைக்கு மூன்றரை மணி என்பதால் இந்த மனுவை என் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எச்சரிக்கை முக்கோணம் வண்டியில் இருந்தது. எண்பது பெட்டிக்கு அடியில் இருந்தது. வழக்கம்போல வேப்பங்கொம்பை ஒடித்து ரோட்டில் போட்டுவிட்டு, செல்போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றோம். நான் அத்தனை வருஷம் வண்டி ஓட்டி எனக்கே இந்த நிலைமை. முக்கோணம் இப்போது சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

விடிந்த பிறகு சக்கரம் இருந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே பார்த்ததுதான் இந்த மனுவுக்குக் காரணம், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஆறு போல்ட்டில் நாலில் நட்டு இல்லை; மரை தேய்ந்து மழுங்கியிருந்தது. இரண்டு போல்ட் முறிந்திருந்தன. முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தால் பாதி இடம் வழவழப்பாக, மங்கிப்போய், சிப்பி ஓட்டில் இருப்பது போல வரிவரியாக இருந்தது. மீதிப் பாதி சொரசொரப்பாக, புது வெள்ளிபோல் மின்னியது. சைக்கிள் கம்பியை ஆட்டி ஆட்டி ஒடித்தவர்களுக்கு இது புரியும். மின்னுகிற பாதிதான் அன்றைக்கு ஒடிந்தது. மங்கிய பாதி அதற்கு முன்னாலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில் விரிசல் விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. டிஸ்க்கின் ஓட்டைகள் வட்டமாக இல்லை, கோழிமுட்டைபோல் நீண்டிருந்தன. அதாவது சக்கரம் பல நாளாகத் தளர்ந்து ஆடியிருக்கிறது.

பலரும் நினைப்பது போல வண்டியின் பாரத்தை போல்ட்டுகள் மட்டும் தாங்குவதில்லை. நட்டை இறுக்கும்போது டிஸ்க்கும் டிரம்மும் ஒன்றோடொன்று அழுந்திப் பிடிக்கின்றன. அந்தப் பிடிதான் சக்கரத்தை நிறுத்துகிறது. பிடி தளர்ந்தால் டிஸ்க் துளியூண்டு நகரும். ஒவ்வொரு சுற்றுக்கும் நகரும். அப்போதுதான் போல்ட் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து ஒடிகிறது. ஒன்று ஒடிந்தால் அதன் பாரம் பக்கத்து போல்ட்டுக்கு.

சரி, ஏன் தளர்ந்தது? என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு டிஸ்க் நாலுக்கும் சில்வர் பெயின்ட் அடித்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நட்டு உட்காருகிற இடத்திலும் பெயின்ட் ஏறிவிட்டது. அந்தப் பெயின்ட் நசுங்கி உதிர உதிர நட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி விழும். அப்புறம், அந்தச் சக்கரம் பஞ்சராகி இரவு நேரத்தில் ரோட்டோரக் கடை ஒன்றில் மாட்டினேன். அங்கிருந்த பையன் ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று ஆறு நட்டையும் வரிசையாக முடுக்கிவிட்டான். எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும் என்பதோ, கடைசி இறுக்கு கையால் அளவு பார்த்து வைக்க வேண்டும் என்பதோ அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும் என்பது எனக்கே தெரியும். நான் செய்யவில்லை. இரண்டு நாளாக மெதுவாகப் போகும்போது பின்னால் 'டொக் டொக்' என்று சத்தம். ஸ்பிரிங் பட்டையில் இருக்கிற புஷ் தேய்ந்துபோயிருக்கும் என்று நினைத்து, பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன். ஆகவே அந்தக் கடையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அதனால்தான் பெயரும் எழுதவில்லை.

என் மாமனார் பழைய ஜீப் ஓட்டியவர். அந்த ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடப்புரி மரை, இடது பக்கம் திருப்பினால்தான் இறுகும். போல்ட்டின் நுனியில் 'எல்' என்று எழுத்துக்கூட இருக்கும். வண்டி முன்னால் ஓடும்போது சக்கரம் சுற்றுகிற திசையில் நட்டு கழன்றுவிடக் கூடாது என்று அப்படி வைத்தார்கள். என் பிக்கப்பைப் போன்ற இந்தக் காலத்து வண்டிகளில் இரண்டு பக்கமும் ஒரே வலப்புரிதான். சரியான இறுக்கத்தில் இருக்கிறவரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தளர ஆரம்பித்துவிட்டால் இடது பக்கம்தான் முதலில் கையை விரிக்கும்.

எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிய வண்டிதானே என்று தாங்கள் கேட்கலாம். காட்டிய வண்டிதான், தேதி இன்னும் முடியவில்லை. எட்டு வருஷம் வரையுள்ள சரக்கு வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குமேல் ஆனால் வருஷா வருஷம். எஃப்.சி. காட்டுகிற அன்றைக்கு எல்லா வண்டியும் மாப்பிள்ளை மாதிரிதான் வரும். அதற்கும் அடுத்த எஃப்.சி.க்கும் நடுவே என் வண்டியில் மாதம் ஒரு சக்கரமாவது கழற்றி மாட்டப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு பையன், ஏதோ ஒரு கன். அதைப் பார்க்க ஆள் இல்லை. பள்ளம் விழுந்த ரோட்டைப் பற்றி இதில் எழுதவில்லை. அதற்கு ஏற்கெனவே நிறைய மனுக்கள் தங்களிடம் இருக்கும்.

ஆகவே என் கோரிக்கை இது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து திரும்புகிற வழியில், ஒரு பிக்கப் ஒதுங்கி நிற்கிற அளவு இடத்தில், வாரத்துக்கு இரண்டு நாளாவது வீல் நட்டுச் சோதனை நடக்க ஏற்பாடு செய்ய வேண்டும். 'திரும்புகிற வழியில்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். லோடோடு உள்ளே வருகிற வண்டியை நிறுத்தினால் எந்த ஓட்டுநரும் நிற்க மாட்டான். அரை மணி தாமதமானால் தக்காளி விலை இறங்கிவிடும், விவசாயி எங்களைத்தான் பேசுவார். இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டு, காலை ஏழு மணிக்கு மேல் வெறும் வண்டியாகத் திரும்பும்போது பத்து நிமிடம் நிற்க யாருக்கும் வலிக்காது. பக்கத்திலேயே கோ.புதூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. மோட்டார் மெக்கானிக் படிக்கிற பிள்ளைகளை ஒரு ஆசிரியரோடு அனுப்பினால் அவர்களுக்கும் கைப்பழக்கம், எங்களுக்கும் உதவி. வேண்டிய சாமான் அளவு பார்த்து முடுக்குகிற டார்க் ரென்ச் ஒன்று. சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். எங்கள் பகுதி வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து அதை வாங்கித் தரத் தயாராக இருக்கிறோம். வண்டிக்கு வண்டி அளவு மாறும் என்பதால் அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ள அளவை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் போதும்.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. நட்டை இறுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து டிஸ்க் வரைக்கும் நேராக ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட வேண்டும். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிவிடும். காலையில் வண்டி எடுக்கும்போது சுற்றி வந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், ஸ்பேனர்கூடத் தேவையில்லை. நட்டிலிருந்து செம்பழுப்பாகத் துரு ஒழுகிய கோடு இருந்தால் அதுவும் தளர்ச்சிக்கு அடையாளம். என் வண்டியின் வலது பின்சக்கரத்தில் அப்படி இரண்டு கோடுகளை அன்றைக்குத்தான் கவனித்தேன். என் வண்டியில் இப்போது மகளின் நகப்பூச்சில் கோடு போட்டிருக்கிறேன். ஊரில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இந்தக் கோட்டைப் போடுவதும், 'நூறு கிலோமீட்டருக்குள் நட்டை மறுபடி இறுக்கவும்' என்று தேதி போட்டு ஒரு துண்டுச் சீட்டு தருவதும் மாவட்டத்தில் உள்ள பஞ்சர் கடைகளுக்கும் டயர் கடைகளுக்கும் வழக்கமாக வேண்டும். சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, போக்குவரத்து அலுவலகம் மூலமாகக் கடைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு வேண்டுகிறேன். கடைக்காரர்கள் எதிர்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நாளைக்கு ஏதாவது ஆனால் 'நான் சீட்டு கொடுத்தேன்' என்று சொல்ல அவர்களுக்கும் ஒரு பிடி இருக்கும். அபராதம் என்று ஆரம்பித்தால் மட்டும் எல்லாரும் ஒளிந்துகொள்வார்கள். முதல் ஆறு மாதம் அபராதம் இல்லாமல் பார்க்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

மார்க்கெட்டில் இடம் பார்க்கவோ, மற்ற வண்டிக்காரர்களிடம் எடுத்துச் சொல்லவோ என்னைக் கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கிறேன். காலை எட்டு மணிக்கு மேல் எந்த நாளும் வசதிப்படும். தயவுசெய்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(பிக்கப் வண்டி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்)

இடம்: உசிலம்பட்டி

இணைப்பு: கழன்ற சக்கரம், டிரம், பேருந்து நிறுத்தத் திண்ணை – புகைப்படங்கள் மூன்று. முறிந்த போல்ட் துண்டுகள் இரண்டு, காகிதத்தில் மடித்தது. ஓரம் கூராக இருக்கிறது, பார்த்துப் பிரிக்கவும்.