தீக்கோழிக்கு அது பாட்டன் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு சிறுவர் பக்கத்தில் ‘தீக்கோழியின் பாட்டன்’ என்று தலைப்பிட்டு ஸ்ட்ரூதியோமைமஸ் என்ற டைனோசரைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். தரம் 7 படிக்கும் என் பேத்தி அதை வெட்டி விஞ்ஞான ஒப்படையில் ஒட்டப் பசையும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். நான்தான் கொஞ்சம் பொறு பிள்ளை என்றேன். படத்தில் அந்த மிருகத்தின் காலில் இரண்டே விரல்கள்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. கொட்டாஞ்சேனையில் 31 வருடம் கோழிக்கடை வைத்திருந்தவன். புரொய்லர், ஊர்க்கோழி என்று எத்தனை ஆயிரம் கால் வெட்டியிருப்பேனோ, கணக்கில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும். கோழிக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. தீக்கோழிக்கு மொத்தமே இரண்டு. இந்த டைனோசருக்கோ மூன்று. உங்கள் ஓவியர் தீக்கோழியின் காலை அப்படியே கொண்டுவந்து பூட்டிவிட்டார். நீண்ட வாலையும் குறுக்கிவிட்டார். அந்த வால் இல்லாவிட்டால் பாவம், ஓடும்போது முகங்குப்புற விழுந்திருக்கும்.

சரி, படம் போகட்டும். தலைப்புத்தான் பெரிய பிழை. நானும் பேத்தியும் மகளின் போனை வைத்துக்கொண்டு இரண்டு இரவு இதையே தேடி வாசித்தோம். ஜெர்மனியில் கிடைத்த இறகுள்ள ஆதிப்பறவைக்கு வயது ஏறக்குறைய 15 கோடி ஆண்டு. ஸ்ட்ரூதியோமைமஸ் கனடாவில் ஓடித்திரிந்தது ஏழரைக் கோடி ஆண்டுக்கு முன்னர். பறவைகள் வந்து அவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்தது எப்படிப் பறவைக்குப் பாட்டனாகும்? பேரனுக்குப் பிறகு பாட்டன் பிறந்த கதையாக அல்லவா இருக்கிறது! பறக்கத் தெரிந்த பறவைகளின் வழியில் வந்து, பிறகு பறப்பதை விட்டதுதான் தீக்கோழி. இந்த டைனோசர் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். நீண்ட கழுத்து, சின்னத் தலை, ஓட்டத்துக்கேற்ற கால் எல்லாம் இரண்டுக்கும் தனித்தனியே வந்து சேர்ந்தவை. பல்லில்லாத அலகும் அப்படித்தான். 1994இல் பெயரிடப்பட்ட, ஸ்பெயினில் கிடைத்த பெலிகனிமைமஸ், ஸ்ட்ரூதியோமைமஸின் கூட்டத்து டைனோசர்களில் மூத்த ஒன்று. அதன் வாயில் ஏறக்குறைய 220 பல். பல்லை இழந்தது பின்னால் வந்தவைதான்.

பெயர் வைத்தவர்கள் மேல் குற்றமில்லை. 1890இல் அமெரிக்காவில் மார்ஷ் என்பவரிடம் இருந்தது காலிலும் கையிலும் சில துண்டு எலும்புகள் மட்டும். பறவைக்கால் போலத் தெரிந்ததால் ‘பறவைபோலி’ என்ற பொருளில் ஓர்னிதோமைமஸ் என்றார். 1902இல் கனடாவின் லாம், தனக்குக் கிடைத்த எலும்புகளையும் அதே இனத்தில்தான் சேர்த்தார். 1914இல் அல்பேர்ட்டாவில் ரெட் டியர் ஆற்றங்கரையில் பார்னம் பிரவுன் ஏறக்குறைய முழு எலும்புக்கூட்டையே எடுத்த பிறகுதான், 1917இல் ஒஸ்போர்ன் அதைப் பிரித்து ஸ்ட்ரூதியோமைமஸ், அதாவது ‘தீக்கோழிபோலி’ என்று தனிப் பெயர் கொடுத்தார். போலி என்றுதான் சொன்னார், பாட்டன் என்று சொல்லவில்லையே. நாமும் தீக்கோழி என்கிறோம். அது கோழியா என்ன?

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மொங்கோலியாவின் கல்லிமைமஸ். கழுத்து எலும்பு கோழியினத்தின் கழுத்தெலும்பை ஒத்திருந்ததால் 1972இல் அதற்குக் ‘கோழிபோலி’ என்று பெயர் வைத்தார்கள். நீளம் 6 மீற்றர், எடை 400 கிலோவுக்கு மேல். என் தராசில் ஏறாது.

இன்னொன்றையும் நீங்கள் எழுதியிருக்கலாம். 1965இல் கோபி பாலைவனத்தில் 2.4 மீற்றர் நீளமான இரண்டு கைகள் கிடைத்தன. 1970இல் அதற்கு டைனோகைரஸ் என்று பெயரிட்டார்கள். இவ்வளவு பெரிய கை எந்த மிருகத்துடையது என்று தெரியாமல் ஏறக்குறைய 50 ஆண்டு தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2014இல் மேலும் இரண்டு எலும்புக்கூடுகளை வைத்துத்தான் விடை வந்தது. முதுகில் திமில், வாத்து மூஞ்சி, 11 மீற்றர் நீளம். அதுவும் இதே தீக்கோழிபோலிக் கூட்டம்தான். வயிற்றில் ஆயிரத்துக்கு மேல் கற்கள் இருந்தன. கோழியின் இரைப்பையைக் கீறிக் கழுவியவர்களுக்கு அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றின் தலையையும் பாதங்களையும் கள்ளர் தோண்டி விற்றிருக்கிறார்கள். அவை ஐரோப்பாவில் ஒரு தனியாரிடம் இருப்பது தெரிந்து, பிறகுதான் மொங்கோலியாவுக்குத் திரும்பின. பிள்ளைகள் இதை விட்டுவிட்டு வேறு எதை வாசிக்கப்போகிறார்கள்!

ஆகவே வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவில், மூன்று விரலும் முழு வாலுமாக ஒரு படம் போடுங்கள். ‘பாட்டன்’ என்பதை நீக்கி ‘தூரத்துச் சொந்தம்’ என்று திருத்துங்கள். பேத்தியின் ஒப்படையில் அரைப்பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை ரீச்சரிடம் கொடுக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய கோழிக்கடைக்காரன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13