எங்களை அழைக்கும்போது: ஆசிரியர்களுக்கு ஒரு தாயின் மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். பள்ளியிலிருந்து போன் வந்தாலே கை நடுங்குகிற அம்மாக்களில் நானும் ஒருத்தி. என் மகனுக்கு 15 வயது. இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். “என் பேரை மட்டும் போடாதேம்மா” என்றான்.

கடந்த ஓராண்டில் ஏழு முறை என்னை அழைத்தார்கள். வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, எதிர்த்துப் பேசுகிறான், முதல் வகுப்பில் தூங்குகிறான், ஒருமுறை நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டான். ஒவ்வொரு முறையும் அவனைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டுதான் எல்லாம் சொன்னார்கள். ஏழாவது முறை ஒருவர் “வளர்ப்பு சரியில்லை” என்றார். அவன் சட்டென்று என் முகத்தைப் பார்த்தான். தன்னைத் திட்டியபோதெல்லாம் முறைத்துக்கொண்டு நின்றவன், அம்மாவைச் சொன்னதும் தலையைக் குனிந்துவிட்டான். அதற்கப்புறம் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

நாற்காலியை எறிந்தது தப்புதான். அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. மன்னிப்புக் கேட்கட்டும், உடைந்ததை உட்கார்ந்து சரிசெய்யட்டும். ஆனால் எங்களை அழைக்கும்போது, நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். “திமிர் பிடித்தவன்” என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் நான் அவனைத் திட்டத்தான் முடியும். “முன்பெல்லாம் நண்பர்களோடு உட்காருவான், இப்போது மூலைக்குப் போய்விட்டான், இடைவேளையில்கூட யாரோடும் சேர்வதில்லை” என்று சொல்லியிருந்தால் அன்றே டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பேன். பகலெல்லாம் அவன் உங்கள் கண்முன்னால்தான் இருக்கிறான். வீட்டில் நான் பார்ப்பது சாத்திய கதவை.

கடைசியில் போனோம், தாமதமாக. மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டு படுத்துக்கிடப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வயதில் அது எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிவரலாம் என்று மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 40 பேர் உள்ள வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகள். அவர்களில் பலர் நாற்காலியை எறிவதில்லை, அமைதியாக இருக்கிறார்கள். எனக்கு அவர்களை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. இவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதனால்தான் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இலேயே சொன்னது. அவன் கையிலிருக்கும் போனும் ஒரு காரணம்தான், அது எங்கள் வீட்டு வேலை, பார்த்துக்கொள்கிறோம். ஆனால் முதல் வகுப்பில் கண் சொக்குவதைச் சோம்பேறித்தனம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சரி, எனக்கு மிகவும் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். நாற்காலிக்காக அவனை ஐந்து நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஐந்து நாளும் அவன் தனியாக ஓர் அறையில் இருந்தான். செத்துப்போகலாம் என்று அப்போது நினைத்ததாகப் பின்னர் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறான். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயந்து நான் கேட்காமலே இருந்தேன். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கும் என்றார் அவர். தண்டனை தேவைப்பட்டால் கொடுங்கள். பள்ளிக்குள்ளேயே, ஒரு பெரியவரின் கண்பார்வையில் வைத்துக் கொடுங்கள்.

அவனுடைய கணக்கு ஆசிரியர் மட்டும் வகுப்பு முடிந்ததும் “இன்னைக்கு எப்படிப்பா இருக்க?” என்று கேட்பாராம். மூன்று வார மௌனத்துக்குப் பிறகு அவனாக என்னிடம் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

அடுத்த முறை அழைக்கும்போது, முதல் பத்து நிமிடம் என்னோடு தனியாகப் பேசுங்கள். அவன் வெளியே உட்கார்ந்திருக்கட்டும். அப்புறம் அவனை உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, முதலில் அவனைப் பேசவிடுங்கள். எத்தனை மணிக்கு வரச் சொன்னாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவன் ஒருவனின் அம்மா