அப்பா பெயரில் இருந்த எண்

கும்பகோணம்

அன்புள்ள முத்துவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பின் பெங்களூரை விட்டு ஊருக்கே வந்துவிடப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஊரில் உன் கைப்பேசிக்கு டவர் கிடைப்பதில்லை என்றும், நிறுவனத்தை மாற்றினால் பெங்களூர் எண்ணை விட்டுவிட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அவர் சொன்னது தவறு. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்தது. 2015 ஜூலை 3 முதல் வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உரிமை இருப்பது வேறு, அது கைக்கு வந்து சேர்வது வேறு என்பதை அம்மாவின் எண்ணை மாற்றும்போதுதான் உணர்ந்தேன். சென்ற ஐப்பசியில் அப்பா காலமான பின், பின்கட்டில் டவர் கிடைக்காமல் அம்மா ஒவ்வோர் அழைப்புக்கும் திண்ணைக்கு ஓடிவர வேண்டியிருந்தது. எரிவாயு சிலிண்டர் பதிவு, குடும்ப ஓய்வூதியம், வங்கிக் கணக்கு எல்லாம் அந்த எண்ணில்தான் இருந்தன. ஆகவே எண்ணை விட மனமில்லை. நிறுவனம் மாற விரும்புவதாக 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதும், அதற்குத் தேவையான எட்டு எழுத்துக் குறியீடு வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஆதாருடன் நேரில் வர வேண்டும் என்றார்கள். இணைப்பு அப்பா பெயரில் இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் ஆதார் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டதை இப்போது நினைத்தாலும் மனம் கலங்குகிறது.

குறியீடு நான்கு நாளில் காலாவதியாகிவிட்டது. பழைய நிறுவனத்திடம் இறப்புச் சான்றிதழைக் கொடுத்துப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். இரண்டு வாரம் கடந்தும் முடியவில்லை. இடையில் மீண்டும் 1900க்கு அனுப்பியபோது, பெயர் மாற்றம் நிலுவையில் இருப்பதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பெயர் மாறியபோது சிம்மையும் புதிதாகக் கொடுத்தார்கள். சிம் மாறினால் ஏழு நாள் கழித்துத்தான் குறியீடு கிடைக்கும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறை. பிறருடைய எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடியைத் தடுக்க வந்த விதி அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். இப்படி ஒவ்வொரு விதிக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் இவற்றை முதல் நாளே, தமிழில், ஒரே செய்தியாகச் சொல்லியிருந்தால் எழுபத்தைந்து வயதுப் பெண்மணி நான்கு முறை கடைப் படி ஏறியிருக்க வேண்டாமே என்பதுதான் என் ஆற்றாமை.

அதன் பிறகு மூன்று வேலை நாளில் மாறிவிட்டது. ரீசார்ஜில் மீதியிருந்த நாற்பது நாள் மட்டும் வீணாயிற்று. மாறும்போது பழைய கணக்கின் மிச்சம் கூடவே வராது என்பதால், நீ ரீசார்ஜ் முடியும் தறுவாயில் மாற்று. வெளிமாநில எண் என்பதால் உனக்கு ஐந்து வேலை நாள் ஆகும்.

இன்னொன்றை மறந்துவிடாதே. உன் எண் அலுவலகம் கொடுத்தது என்று முன்பு சொல்லியிருக்கிறாய். அப்படியானால் அது அலுவலகத்தின் பெயரில்தான் இருக்கும்; அவர்கள் சம்மதக் கடிதம் தராமல் ஒன்றும் நகராது. ஓய்வு பெறும் நாளுக்கு முன்பே அதை உன் பெயருக்கு மாற்றிக்கொள். வெளியே வந்த பிறகு கடிதத்துக்காக அலைவது கடினம். அம்மா உன்னை விசாரித்தார்கள். இப்போது பின்கட்டில் உட்கார்ந்தபடியே பேசுகிறார்கள். ஒரு மாலை நேரம் கூப்பிடு.

அன்புடன்,
கணேசன்